மிச்ச மாத்திரைகள்

டப்பாவில் இரண்டு இருக்கும். காலையில் மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் மூடியைத் திருகினேன். முப்பது மாத்திரை கொடுக்கிறார்கள், ராத்திரிக்கு ஒன்று, இருபத்தெட்டு நாள் கழித்துக் காலையில் திரும்ப வர வேண்டும், வரும்போது இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். அந்த இரண்டுதான் சரியான மிச்சம். ஒன்று இருந்தால் ஒரு கேள்வி, மூன்று இருந்தால் வேறொரு கேள்வி, இரண்டு இருந்தால் கேள்வியே இல்லை, ஆலோசகர் தம்பி நோட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நவமணியின் மடியில் மஞ்சள் பை இருக்கிறது, பைக்குள் டப்பா இருக்கிறது, டப்பாவுக்குள் இரண்டு இருக்கிறது. அவள் பெஞ்சின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், நடுவில் நான்கு பேர். என் மகன் குழந்தைவேலுவின் மனைவி. அவன் போய் இருபத்தோரு வருஷம் ஆகிறது. அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், மாசம் ஒரு நாள் இந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம், அவள் முன்வாசலில் ஏறுவாள், நான் பின்வாசலில். எங்கள் டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே பதினாலு முடிந்திருக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்துக்குள் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமலே இருந்துவிட வேண்டும். டப்பாவில் இன்று காலையில் பத்து இருந்தது. எட்டை நான் எடுத்தேன்.

எடுத்தேன் என்று மனசுக்குள் சொல்லும்போதே யாரோ திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் சின்ன மேஜை போட்டுப் பூங்கோதை உட்கார்ந்திருக்கிறாள், எச்.ஐ.வி. வந்தவர்கள் நடத்துகிற பாசிட்டிவ் சங்கத்துப் பெண், அவளும் இதே மாத்திரை சாப்பிடுகிறவள், அதை யாரிடமும் மறைக்காதவள். என் பக்கத்தில் இருக்கிற லாரிக்கார ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்ணா, போன மாசம் கூட்டத்துக்கு வரலீங்? உங்களுக்குன்னு எடுத்து வெச்ச போண்டாவ நானே தின்னு தொலைச்சேன், ரெண்டு நாளா வயிறு சரியில்ல." "ஒரிசா லோடும்மா." "ஒரிசாவோ ஒட்டன்சத்திரமோ, மாத்திரை கூட வந்துச்சா?" "வராம? சம்சாரம் வரலீன்னாலும் அது வருது." பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. நவமணி சிரித்தாளா, முந்தானை வாயில் இருந்தது, தெரியவில்லை. பூங்கோதை என் பக்கம் திரும்பிவிட்டாள். "பெரீப்பா, நீங்களும் ஒரு நாளைக்கு வந்து உக்காருங்க. கூட இருந்து பாத்துக்கறவங்களுக்குன்னு தனிப் பேச்சே இருக்குது. வாயத் தொறந்து பேசாட்டிப் பரவால்ல, போண்டாவுக்குத் தொறந்தாப் போதும்." நான் தலையை ஆட்டுகிறேன். மாசாமாசம் கூப்பிடுகிறாள், மாசாமாசம் ஆட்டுகிறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அந்தக் கூட்டம் நடக்கிறது, நான் வெளியே நின்று செருப்புகளைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. நவமணியும் போனதில்லை. மாமனாரும் மருமகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்க முடியுமா. அவள் போவாளோ என்று நான் போகவில்லை, நான் போவேனோ என்று அவள் போகவில்லை, இப்படியே பல வருஷம். பதினைந்து உள்ளே போகிறது. பிடரியைப் பார்த்தால் குழந்தைவேலு மாதிரி. குழந்தைவேலு இருந்தால் ஐம்பது வயசு, இவனுக்கு முப்பது இருக்காது. ஆனாலும் பிடரி ஒரே மாதிரி. எனக்குப் பிடரிதான் ஞாபகம் இருக்கிறது, முகத்தைக் கடைசியில் சரியாகப் பார்க்கவில்லை.

முப்பது. பண்ணையில் முப்பத்தொரு வருஷம் முட்டை எண்ணினவன் நான். அட்டைக்கு முப்பது, பெட்டிக்கு ஏழு அட்டை, இருநூற்றுப் பத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. அட்டையில் பள்ளம் தெரிந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அதனால் கீறல் விட்ட முட்டையைக் கண்டால் பேசாமல் எடுத்துவிட்டு நல்லதை வைத்துவிட வேண்டும், யார் கீறினது என்று கேட்கக் கூடாது, கேட்டால் அன்றைய வேலை கெட்டுப்போகும். கை அப்படிப் பழகிவிட்டது. கை பழகினதுதான் காரணம் என்றால் டாக்டரம்மா ஒத்துக்கொள்வார்களா. நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். தை மாசம் டப்பாவில் பதினொன்று மிச்சம் இருந்தது. ஆலோசகர் தம்பி எண்ணிவிட்டு, "ஒம்பது நாள் முழுங்கலயாம்மா? சும்மா தர்றாங்கன்னு எகத்தாளமா?" என்றார். கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். நவமணி ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்து நான்கு வயசு அவளுக்கு. கல்லூரி விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள். என் பாவாயி, அவளுடைய மாமியார், இருந்தவரைக்கும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. நான் எழுந்து போய், தம்பி, கொஞ்சம் மெதுவா என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து தரைக் கல்லை எண்ணினேன். குறுக்கே பதினாறு.

மாசியில், ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்று, அவள் கொல்லைப்பக்கம் குளிக்கப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து டப்பாவைக் கவிழ்த்தேன். பத்து. எட்டு அதிகம் என்றால் நாலு வாரம், வாரத்துக்கு இரண்டு. சனி, ஞாயிறு. மார்கழியில் அவள் அம்மா ராசிபுரத்தில் கீழே விழுந்து படுத்த படுக்கை ஆனதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் போய்த் திங்கட்கிழமை காலையில் வருகிறாள். பீ மூத்திரம் அள்ள ஆள் வேண்டும், அவள் தம்பியின் பெண்டாட்டி செய்ய மாட்டாளாம். போகும்போது டப்பா அலமாரியிலேயே இருக்கிறது. மறந்துபோய் அல்ல. ஒரு தடவை மறக்கலாம், எட்டுத் தடவை ஒழுங்காக மறக்க முடியாது. எட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. வாசல் சாக்கடையில் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். உடனே போகவில்லை, வெள்ளை வெள்ளையாக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது, இன்னொரு குடம் ஊற்றின பிறகு போனது. அன்றைக்கு ஆலோசகர் தம்பி, "பாத்தீங்களாம்மா, சொன்னதும் சரியாயிடுச்சு" என்று சிரித்தார். நவமணி டப்பாவையே பார்த்தாள். என்ன நினைத்திருப்பாள். பூச்சி தின்றது என்றா. அவள் எண்ணுகிறவள் இல்லை, கேட்கிறவளும் இல்லை. மாசி எட்டு, பங்குனி எட்டு, சித்திரை ஏழு, வைகாசி எட்டு, ஆனி ஆறு, இன்று ஆடியில் எட்டு. நாற்பத்தைந்து. ஒன்றரை டப்பா. பங்குனியில் ரத்தம் எடுத்தார்கள், கிருமி நாலாயிரத்து இருநூறு என்றார்கள், பத்து வருஷமாகக் கண்ணுக்கே தெரியாமல் இருந்த கிருமி. மூன்று மாசம் கவனமாகச் சாப்பிடச் சொல்லி, மாசாமாசம் எண்ணிப் பார்த்து, ஆனியில் மறுபடியும் எடுத்தார்கள். பதினோராயிரத்து அறுநூறு. போன வாரம் பூங்கோதை போனில் சொன்னாள். "ஒழுங்கா முழுங்கியும் ஏறியிருக்குதுன்னா மருந்து கேக்கலீன்னு அர்த்தமாம் பெரீப்பா. இந்தத் தடவ வரப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க, ரெண்டாம் கட்ட மருந்துக்கு." அது நல்ல மருந்தா என்று கேட்டேன். "நல்ல மருந்துதானுங். ஆனா அதுக்கப்புறம் கையில நெறைய மருந்து இல்ல." போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நிறைய இல்லை. மருந்து ஒரு குற்றமும் செய்யவில்லை, என் எண்ணிக்கை அதைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. புது மருந்தையும் அவள் சனிக்கிழமை அலமாரியில் விட்டுவிட்டுப் போவாள், நான் அதிலும் எட்டு எட்டாக எடுப்பேன், அதுவும் கேட்கவில்லை என்பார்கள், பிறகு கையில் நிறைய இல்லை.

பதினெட்டு. கேட்டிருக்கலாம். ஏன் அம்மணி விட்டுட்டுப் போற என்று ஒரு கேள்வி. பாவாயி இருந்தால் அவளிடம் சொல்வேன், அவள் இவளிடம் கேட்பாள், பதில் அதே வழியில் திரும்பி வரும். பாவாயி போய் ஆறு வருஷம். இப்போது நவமணி சுவரைப் பார்த்து, "சோறு வெச்சிருக்குதுங்" என்பாள், நான் வாசலைப் பார்த்து, "ம்" என்பேன். ஆனால் கூச்சம் மட்டும் இல்லை. பயம். சித்திரையில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் துணி துவைத்துக்கொண்டே சொன்னாள், "எனக்கென்னுங்க்கா, நான் போயிட்டா அழுவறதுக்கு ஆளா இருக்குது?" இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். அன்றிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாலே அதுதான். அவள் வேண்டுமென்றே விடுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் எனக்காக முழுங்குகிறாள், இரண்டு நாள் குழந்தைவேலுவிடம் போகிற வழியைத் திறந்து வைக்கிறாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ. ஆமாம் என்று சொன்னால் நான் என்ன சொல்வேன். சாகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் கடைசியாக இறங்கி வந்தபோது உடம்பு இளைத்துப் பாதியாகத்தான் வந்தான். அப்போது இந்த மாத்திரை சும்மா கிடைக்காது, எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒரு பூங்கோதை இல்லை, ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். தீவனச் சாக்கு போடுகிற கொட்டகையில் கட்டில் போட்டோம். போட்டோம் என்ன, நான் போட்டேன். தட்டு தனி, டம்ளர் தனி. தட்டை வாசலில் வைத்துவிட்டு ஏழடி பின்னால் வந்து நிற்பேன். நவமணி உள்ளேயேதான் இருந்தாள், எடுத்து ஊட்டினாள், வழித்தாள், துடைத்தாள். நாற்பத்தொரு நாள். முப்பத்தெட்டாம் நாளோ முப்பத்தொன்பதோ, அதுதான் நிச்சயமாகத் தெரியவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒரே எண் அதுதான், அவன் படுத்தபடியே, "அய்யா, கிட்ட வாங்க, ஒண்ணு சொல்லோணும்" என்றான். "இங்கிருந்தே சொல்லு சாமி, கேக்குது" என்றேன். அவன் சொல்லவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நவமணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் என்னை நேராகப் பார்த்ததில்லை, அல்லது பார்க்கிற இடத்தில் நான் நின்றதில்லை. இப்போது நான் போய் ஏன் சாகப் பார்க்கிறாய் என்று கேட்டால், அன்னைக்கு நீங்க கிட்ட வந்தீங்களா என்று அவள் கேட்பாள். கேட்க வேண்டியதுதான். இருபத்தோரு வருஷமாக அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது, நான் கூடத்துக்குப் போனால் அது சமையலறைக்குப் போகிறது, நான் சமையலறைக்குப் போனால் அது கூடத்துக்கு வருகிறது.

"இருபத்து மூணு. நவமணி." நாற்பது நிமிஷம் ஆகிவிட்டதா, நடுவில் நான்கு டோக்கன் எப்படிப் போனது, நான் எண்ணவில்லையே. அவள் எழுந்தாள், நான் இரண்டடி பின்னால் போனேன். ஆலோசகர் தம்பி நீலத் தட்டில் டப்பாவைக் கவிழ்த்தார். டக், டக். "ரெண்டு. நூத்துக்கு நூறு மேடம், எப்பவுமே கரெக்ட்டு." டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். நல்ல மாதிரி, அதிர்ந்து பேசாதவர்கள். "பயப்படாதம்மா, மருந்து மாத்தினா எறங்கிடும்" என்றார்கள். தாளை என் பக்கம் திருப்பினார்கள். "காளியண்ணன், கூட இருக்கறவர் நீங்கதான? மாத்திரையெல்லாம் தவறாம சாப்பிட்டாங்கன்னு இங்க ஒரு கையெழுத்து." பேனாவை வாங்கினேன். கா என்று எழுதலாம். கா மட்டும் எழுதினால் மீதி தானாக வந்துவிடும், அறுபது வருஷமாக அதே கையெழுத்து. பேனா தாளைத் தொட்டது, ஒரு புள்ளி விழுந்தது. "பத்துங்க" என்றேன். "என்ன பத்து?" "டப்பால பத்து இருந்துச்சுங்க. எட்ட நான் எடுத்துச் சாக்கடையில கொட்டிட்டனுங்க. போன மாசம் ஆறு. அதுக்கு முந்தி எட்டு. அதுக்கு முந்தி ஏழு." எண்கள் தானாக வந்தன, நிறுத்த முடியவில்லை. "மொத்தம் நாப்பத்தஞ்சுங்க. சனி ஞாயிறு டப்பாவ வுட்டுட்டு ஊருக்குப் போயிருதுங்க. இந்தப் புள்ளையத் திட்டாதீங்க." ஆலோசகர் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பெரியவரே, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க, உங்க கணக்க நம்பி..." டாக்டரம்மா கையைக் காட்டினார்கள், அவர் உட்கார்ந்தார். தாளில் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்தார்கள். "அதே மருந்து. இன்னும் மூணு மாசம், ஒரு நாள்கூட விடாம. அப்புறம் ரத்தம் பாப்போம். கிருமி இந்த மருந்துக்குப் பழகியிருந்தா மாத்தித்தான் ஆகணும். பழகாம இருந்தா தப்பிச்சோம். இப்ப என்னால சொல்ல முடியாது." பிறகு நவமணியிடம், "ஏம்மா சனி ஞாயிறு?" என்றார்கள். நவமணி மஞ்சள் பையைச் சுருட்டினாள். "வெளிய உக்காந்து பேசுங்க. பேசிட்டு உள்ள வாங்க."

வெளியே பூங்கோதையின் மேஜை முன்னால் நின்றோம். நவமணி சுவரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பேசுங்க என்றால் யார் முதலில். "நவமணி" என்றேன். பெயரைச் சொல்லி இதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறேனா, இல்லை, அவள் தோள் துள்ளி விழுந்தது. "சாகலாம்னு இருக்கறயா கண்ணு?" பெஞ்சு முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. அவள் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்தாள். "என்னுங்?" "அதுக்குத்தான் வுட்டுட்டுப் போறயா?" "அய்யோ, நான் எதுக்குங் சாவறேன்?" அவள் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. "டப்பா சத்தம் போடுதுங்! பஸ்ஸுல கலகலன்னு ஆடுது. அங்க போயிப் பைய வெச்சா, என்ன அண்ணி சத்தம்னு தம்பி பொண்டாட்டி பைக்குள்ள கைய வுடறா. அங்க யாருக்கும் இது தெரியாதுங். தனியா எடுத்து மடிச்சுட்டுப் போலாம்னா, டப்பாவ வுட்டு வெளிய எடுக்கவே கூடாதுன்னு இங்க சொல்லிப்போட்டாங்க. நான் என்னத்தப் பண்ணட்டுங்?"

பூங்கோதை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கெரகமே! பஞ்சு வெக்கோணுமுங்க்கா, பஞ்சு!" தன் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினாள், சத்தமே இல்லை. "மூடிக்கடியில ஒரு உருண்டை வெச்சு அமுக்குனாப் போச்சு. கூட்டத்துல புதுசா வர்ற ஆளுக்கு மொதல்ல சொல்றதே இதத்தானே." லாரிக்காரர், "என்ற டப்பால சாக்ஸு" என்று அவருடையதை நீட்டினார். "தொவைச்சதா?" "தொவைச்சாளான்னு அவளத்தான் கேக்கோணும்." பெஞ்சு சிரித்தது. கோடியில் இருந்த ஓர் அம்மாள் ஜாக்கெட் துணித் துண்டு வைத்திருந்தாள். எல்லோருடைய டப்பாவும் ஊமை. கொட்டகைக்குள் இத்தனை வருஷமாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வந்தது சிரிப்பு இல்லை. நவமணி சிரிக்கவில்லை. "என்ற டப்பாவத் தொறந்து எண்ணத் தெரிஞ்சுது" என்றாள். "சாக்கடையில கொட்டத் தெரிஞ்சுது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லீங் மாமா." அடுத்ததை இப்போது சொல்வாள் என்று நின்றேன். தீவனக் கொட்டகை, கட்டில், அன்னைக்கும் இப்படித்தான் என்று. நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பூங்கோதை பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தாள். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கிற ஜன்னலில் முப்பது மாத்திரையோடு புது டப்பாவை வாங்கி வந்து, நவமணி விரலால் பஞ்சை உள்ளே குத்திக் குத்தி அடைத்தாள், தேவைக்கு மேலேயே அடைத்தாள், மூடியைத் திருகினாள். ஆட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டடி என் பக்கம் வந்து கையை நீட்டி என் காதோரம் வைத்து ஆட்டினாள். அவள் கையில் வெங்காய வாசனை. "சத்தம் வருதுங்களா?"

"இல்ல கண்ணு."

அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் பலமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டினாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்" என்றாள்.